குஷிரோ சதுப்புநிலமும் மெகா சோலாரும்: எல்லைக்கோட்டுக்கு வெளியே நடந்தது

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கிழக்குக் கரையில் இருக்கிறது குஷிரோ நகரம். மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். 2025 ஜூன் 1 அன்று இந்த நகராட்சி, 'இனி மெகா சோலார் வேண்டாம்' என்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலே கூடாது என்று அந்த நகரம் சொல்லவில்லை. சதுப்புநிலத்தின் மீது இனியும் சூரிய மின்நிலையங்கள் வரக்கூடாது என்பதுதான் அறிவிப்பின் சாரம்.

இந்த விவகாரத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குஷிரோ சதுப்புநிலம் ஜப்பானிலேயே மிகப் பெரியது. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் ஜப்பான் முதன்முதலில் பதிவு செய்த ஈரநிலமும் இதுதான். தேசியப் பூங்கா, இயற்கை நினைவுச்சின்னம், ராம்சர் தலம் என்று ஒரு நாட்டால் தர முடிந்த பாதுகாப்புப் பட்டங்கள் அத்தனையும் இதற்குக் கிடைத்திருக்கின்றன. அப்படி இருந்தும் அதன் விளிம்பில் பேனல்கள் வரிசை வரிசையாக ஏறின. பெரும்பாலும் சட்டத்தை மீறாமலேயே ஏறின. எப்படி என்று பிரித்துப் பார்த்தால்தான், இதே சிக்கல் வேறு எங்கெல்லாம் வரக்கூடும் என்பது புரியும்.

நிலத்தின் கதை

சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தாழ்நிலம் கடலாக இருந்தது. கடல் பின்வாங்கியபோது முகப்பில் மணல் திட்டு எழுந்து, உள்ளே நீர் தேங்கியது. நாணலும் கோரையும் வளர்ந்தன. குளிர்ப் பிரதேசம் என்பதால் மடிந்த தாவரங்கள் முழுதாக மட்கவில்லை. நீருக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்து பீட் எனப்படும் கரிமண்ணாயின. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு நிலம் இன்றைய உருவத்தை எட்டியது. அதன் நடுவே, குஷாரோ ஏரியில் புறப்பட்டு 154 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் குஷிரோ ஆறு வளைந்து நெளிந்து செல்கிறது.

தாஞ்சோ என்ற பெருங்கொக்கின் வழியாகத்தான் உலகம் இந்த இடத்தை அறிந்தது. வெள்ளை உடல், கறுப்புக் கழுத்து, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு. வேட்டையாலும் நில மாற்றத்தாலும் ஜப்பானில் அழிந்தே போய்விட்டதாக நம்பப்பட்ட இந்தப் பறவை, 1924-இல் குஷிரோ சதுப்பில் பத்துப் பதினைந்து மட்டும் எஞ்சியிருந்த நிலையில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் கொக்குகள் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. அந்தக் காலத்தில்தான் உள்ளூர் மக்கள் கடுங்குளிரில் சோளம் தூவி அவற்றைக் காப்பாற்றும் வழக்கமும் வேர்பிடித்தது. இன்று ஹொக்கைடோவில் சுமார் 1,800 கொக்குகள் இருக்கின்றன. அரசாங்கமும் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து மீட்ட இனம் அது. குஷிரோ மக்களுக்குச் சதுப்புநிலம் என்பது சுற்றுலாப் படம் இல்லை. தங்கள் கையால் காத்துக் கொடுத்த ஒன்று.

1980-இல் ராம்சர் பதிவு, 1987-இல் தேசியப் பூங்கா, 1993-இல் ராம்சர் நாடுகளின் ஐந்தாவது மாநாடு குஷிரோ நகரிலேயே என்று அடுத்தடுத்து அங்கீகாரம் வந்தது. தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 28,800 ஹெக்டேர். ராம்சர் தலமாகப் பதிவானது 7,863 ஹெக்டேர். இரண்டு கோடுகளுக்கும் வெளியே, நகரத்தை ஒட்டிய தெற்கு விளிம்பில், கணிசமான சதுப்பு எந்தப் பட்டமும் இல்லாமல் நின்றது. ஏற்கெனவே சாலையும் வடிகாலும் குறுக்கிட்ட பகுதி அது. நடுப்பகுதி காப்பாற்றப்பட்டுவிட்டதே என்ற நிம்மதியில், விளிம்பைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை.

நீரியல் அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். சதுப்பு ஒரே உடல். விளிம்பில் வடிகால் வெட்டினால் உள்ளே நீர்மட்டம் இறங்கும், விளிம்பில் மண் கொட்டினால் ஓட்டம் திசை மாறும். குஷிரோவுக்கு இது பழைய பாடமும்கூட. 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஐம்பது ஆண்டுகளில், சுற்றிலும் நடந்த விவசாய விரிவாக்கத்தாலும் ஆற்றை நேராக்கியதாலும் வண்டல் உள்ளே புகுந்து, சதுப்பின் பரப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. நாணல் வெளிகளில் ஆல்டர் மரங்கள் பரவின. அந்தத் தவறைத் திருத்துவதற்காகவே ஜப்பான் இயற்கை மீட்புச் சட்டத்தின் கீழ் 2003-இல் இங்கே ஒரு குழு அமைத்தது. கயானுமா பகுதியில் நேராக்கப்பட்ட ஆற்றை அரசுப் பணத்தில் மறுபடி வளைத்துவிட்டார்கள். அந்தப் பணி 2010-இல் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், அதே சதுப்பின் மறு விளிம்பில் பேனல்களுக்கான அவசரம் தொடங்கியது.

காகிதத்தில் மட்டும் இருந்த மனைகள்

சூரிய மின்நிலையம் வைக்கப் பெரிய, தட்டையான, மலிவான, நிழலற்ற நிலம் வேண்டும். குஷிரோவின் தெற்கு விளிம்பில் நான்கும் இருந்தன. ஹொக்கைடோவாக இருந்தாலும் பசிபிக் கரையோரம் என்பதால் இங்கே பனிப்பொழிவு குறைவு. குளிர்காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆனால் மலிவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு தனி வரலாறு உண்டு.

1960-கள் தொடங்கி, குறிப்பாக 1970-களின் நில மோகத்தில், ஜப்பானில் ஒரு மோசடி வியாபாரம் பரவியது. 'விரைவில் ரயில் வரும், சாலை வரும், விலை பல மடங்கு ஆகும்' என்று சொல்லி, ஹொக்கைடோவின் தரிசையும் சதுப்பையும் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தோக்கியோ, ஓசாகா பக்கத்து நடுத்தரக் குடும்பங்களிடம் விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வரைபடத்தில் கட்டம் கட்டமாகத் தெரு இருக்கும். நேரில் போனால் முழங்கால் ஆழ நீரும் நாணலும்தான். ரயிலும் வரவில்லை, வீடும் வரவில்லை. நகரத் திட்டத்தில் அந்தப் பகுதி வளர்ச்சி கட்டுப்படுத்தப்பட்ட மண்டலமாகிவிட்டதால் வீடு கட்டவும் வழியில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பத்திரங்கள் முதியவர்களிடமோ அவர்களுடைய பிள்ளைகளிடமோ இருந்தன. பயனில்லாத ஒரு சொத்து; விற்கவும் ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிறுவனம் வந்து 'நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்றால் யார் மறுப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் கடைசியில் கொஞ்சம் பணம் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இதன் விளைவை கவனியுங்கள். சதுப்பின் விளிம்பு அரசு நிலமாகவோ ஊர்ப் பொதுநிலமாகவோ இருந்திருந்தால், ஒரு முடிவு போதும், காப்பாற்றியிருக்கலாம். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் உரிமையாளர்களிடம் அது துண்டு துண்டாக இருந்ததால், ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கைமாறியது. ஊர்க்காரர்களுக்கு விவரம் தெரிந்தது, லாரிகள் வந்த பிறகு.

இதைத் தடுக்க ஒரு வழியை உள்ளூர் ஆர்வலர்கள் முன்பே கண்டிருந்தார்கள். டிரஸ்ட் சாருன் குஷிரோ என்ற அமைப்பு, நன்கொடை திரட்டி இப்படிப்பட்ட மனைகளை விலைக்கு வாங்கி அப்படியே விட்டுவிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. நல்ல வழிதான். ஆனால் மின்நிலையக்காரரின் வேகத்துக்கும் பணத்துக்கும் நன்கொடை ஈடுகொடுக்க முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அணுமின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாற்று மின்சாரம் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில், 2012 ஜூலை 1 முதல் நிலையான கொள்முதல் விலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சூரிய மின்நிலையங்களுக்கு, முதல் ஆண்டில் ஒரு யூனிட்டுக்கு 40 யென், வரி தனி; 20 ஆண்டுகளுக்கு உத்தரவாதம். அந்தத் தொகையை நாட்டில் எல்லோரும் மின்கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் கூடுதல் தொகையிலிருந்து கொடுத்தார்கள்.

அந்தச் சூழ்நிலையில் அந்தத் திட்டம் தேவைப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சூரிய மின்சாரம் ஜப்பானில் வேரூன்றியது அதனால்தான். ஆனால் அந்த விலை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். தொழிற்சாலைக் கூரையில் வைத்தாலும் 40 யென், கொக்கு முட்டையிடும் நாணலை அழித்து வைத்தாலும் 40 யென். இடத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பை விலைக் கொள்கை முழுக்க முதலீட்டாளரிடம் விட்டுவிட்டது. முதலீட்டாளர் மலிவான நிலத்தைத் தேடிப் போனார். பின்னாளில் கொள்முதல் விலை 10 யென்னுக்கும் கீழே இறங்கியது. அப்போதும் ஓட்டம் நிற்கவில்லை. பேனல் விலை அதற்குள் விழுந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் நேரடி ஒப்பந்தத்தில் பசுமை மின்சாரம் வாங்கத் தொடங்கிவிட்டன.

சட்டம் பேசாமல் இருந்த இடங்கள்

இந்த விவகாரத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலாவது, நகரத் திட்டமிடல். தெற்கு விளிம்பு வளர்ச்சி கட்டுப்படுத்தப்பட்ட மண்டலம் என்று சொன்னேன். அங்கே வீடோ கடையோ கட்ட வேண்டுமென்றால் அனுமதி வாங்கியாக வேண்டும், அது எளிதில் கிடைக்காது. ஆனால் தரையில் நிற்கும் சூரிய மின்தகடுகள், பராமரிப்புக்குத் தவிர மனிதர் உள்ளே புழங்காத வரை, கட்டடக் கணக்கில் வராது என்று 2011-இல் மத்திய அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கட்டடம் இல்லையென்றால் கட்டட அனுமதியும் தேவையில்லை. ஒரு தேநீர்க் கடைக்கு மறுக்கப்படும் நிலத்தில் பல ஆயிரம் பேனல்கள் கேள்வியின்றி நிற்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. வளர்ச்சியைத் தடுக்கவென்று போட்ட கட்டுப்பாடு மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தி, மின்நிலையக்காரருக்குப் போட்டியில்லாத மலிவு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஜப்பானின் தேசியச் சட்டத்தில் சூரிய மின்நிலையங்கள் சேர்க்கப்பட்டதே 2020 ஏப்ரலில்தான். அதிலும் 40 மெகாவாட்டுக்கு மேல் என்றால்தான் கட்டாயம். 30 முதல் 40 வரை தேவையா இல்லையா என்று தனியே முடிவு செய்வார்கள். மெகா சோலார் என்ற பெயரோ 1 மெகாவாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. குஷிரோவில் சிதறலாக வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு வெகு கீழே. ஒன்றை எடுத்துப் பார்த்தால் சிறியது. பத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய வாழிடம் போயிருக்கும். ஆனால் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் தரப்படவில்லை.

மூன்றாவது, வனச் சட்டம். 2023 ஏப்ரல் முதல், சூரிய மின்நிலையத்துக்காக 0.5 ஹெக்டேருக்கு மேல் காட்டை மாற்றினால் மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும். முன்பு அந்த வரம்பு 1 ஹெக்டேர். இது ஓரளவு உதவியது. ஆனால் சதுப்பின் பெரும்பகுதி நாணல்வெளி. மரம் இருந்தால்தானே வனச் சட்டம்.

நான்காவது, உயிரினப் பாதுகாப்பு. கொக்கைக் கொல்லக்கூடாது, முட்டையை எடுக்கக்கூடாது. சரி. அது இரைதேடும் தனியார் நிலத்தில் மண் கொட்டக்கூடாது என்று அதே வலிமையோடு சொல்லும் விதி இல்லை. பறவையைத் தொடாமல் பறவையின் இடத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது.

இந்த நான்கையும் யாரோ திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஒவ்வொரு சட்டமும் அதன் காலத்தில் வேறொரு கவலைக்காக எழுதப்பட்டது. நிலத்தைப் பார்க்கும் சட்டம் உயிரைப் பார்க்கவில்லை, உயிரைப் பார்க்கும் சட்டம் நிலத்தைப் பார்க்கவில்லை. இடையில் இருந்த வெற்றிடத்தின் வடிவமும் தெற்கு விளிம்பின் வடிவமும் ஒன்றாகப் பொருந்திப் போயின.

இழப்பு என்ன

கொக்கைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. ஆனால் இந்த விவகாரத்தில் முதல் பலி ஒரு சிறிய சாலமண்டர். கிதா சான்ஷோஉவோ, அதாவது வடக்குச் சாலமண்டர் என்று பெயர். பல்லி போன்ற உருவம், 11 சென்டிமீட்டர் அளவு நீளம். சைபீரியாவில் பரவலாக வாழும் இந்த இனம், ஜப்பானில் ஏறக்குறைய குஷிரோ சதுப்பை மட்டுமே நம்பியிருக்கிறது. பனியுகத்தின் எச்சம் என்று சொல்வார்கள். 1954-இல் இங்கே கண்டறியப்பட்டு, 1975-இல் நகராட்சியின் இயற்கை நினைவுச்சின்னம் ஆனது. 2020-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சிவப்புப் பட்டியலில் அதன் அபாய நிலை உயர்த்தப்பட்டது. அதற்குத் தேவை பெரிய ஏரியெல்லாம் இல்லை. கோரைப் புதர்களுக்கு இடையே வசந்தத்தில் பனி உருகித் தேங்கும் ஆழமற்ற குட்டை போதும், அங்கே முட்டையிடும். அதன் முக்கிய வாழிடங்கள் அந்தத் தெற்கு விளிம்பில்தான் நிறைய இருக்கின்றன.

ஆய்வு செய்வதில் உள்ள சிக்கலும் இங்கேதான். முட்டைப் பைகளை வசந்தத்தின் சில வாரங்களில்தான் பார்க்க முடியும். மற்ற மாதங்களில் அந்த உயிரினம் கரிமண்ணுக்குள்ளும் புதருக்கடியிலும் மறைந்துவிடும். கோடையின் கடைசியில் ஒருவர் போய்த் தேடிவிட்டு 'எதுவும் தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், அந்த அறிக்கை பொய்யில்லை. ஆனால் அது எதையும் நிரூபிக்கவும் இல்லை. பருவம் தவறிய ஆய்வை ஏற்றுக்கொள்ளும் எந்த நடைமுறையும் இந்தச் சாலமண்டரைக் காப்பாற்றாது. அந்த இடத்தில் மண் கொட்டிய பிறகு, அது இருந்ததா என்று சரிபார்க்க வழியே இல்லாமல் போகிறது.

வெள்ளைவால் கடற்கழுகின் கதை வேறு. கூடு கட்டும் காலத்தில் அருகில் இயந்திரச் சத்தம் கேட்டால் கூட்டைக் கைவிடக்கூடிய பறவை அது. கொக்குக்கும் இனப்பெருக்கக் காலத்தில் பரந்த, இடையூறற்ற ஈரவெளி வேண்டும். ஓர் இணை தன் எல்லைக்குள் மற்றொன்றை விடாது. மீட்புப் பணியால் எண்ணிக்கை கூடிய பிறகு கூடுகட்ட இடம்தான் பற்றாக்குறை. நடுச் சதுப்பு நிரம்பிவிட்டால் இளம் இணைகள் விளிம்புக்குத்தான் வர வேண்டும். ஒரு நூற்றாண்டு உழைப்பில் பறவையைப் பெருக்கிவிட்டு, அது பரவ வேண்டிய இடத்தை விற்றுவிடுவது எப்படி நியாயமாகும்?

அப்புறம் கரிமண். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலங்கள். ஆனால் உலகின் எல்லாக் காடுகளின் மரங்களிலும் செடிகொடிகளிலும் உள்ளதைவிட அதிகமான கரிமத்தை அவை வைத்திருக்கின்றன. நீர் நிறைந்திருக்கும் வரை அந்தக் கரிமம் உறங்கும். நீர் வடிந்து காற்று புகுந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க, கரியமில வாயுவாக வெளியேறும். ஆண்டுக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரமண்ணில் பேனல் நிறுத்துவதற்கு மண் கொட்டி மேடாக்கி, வடிகால் வெட்டி, தூண்களை ஆழமாக இறக்க வேண்டியிருக்கிறது. கரியமில வாயுவைக் குறைக்கும் கருவியை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிமம் சேர்த்துவைத்த மண்ணின் மேல் நிறுத்துகிறோம். பேனல்கள் தரும் லாபக் கணக்கில் இந்தக் கசிவைக் கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்பது ஒவ்வோர் இடத்திலும் மாறும். அந்தக் கழித்தலைச் செய்யச் சொல்லி அனுமதி நடைமுறையில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

வெள்ளத்தையும் விட்டுவிட முடியாது. 1920-இல் குஷிரோ ஆறு பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தது. அதன் பின்னர்தான் புதிய ஆற்றுக்கால் வெட்டப்பட்டு 1931-இல் முடிந்தது. இன்றும் மேலே பெய்யும் பெருமழையைத் தேக்கிவைத்து மெல்ல விடுவது சதுப்புதான். நகருக்கும் சதுப்புக்கும் நடுவில் இருக்கும் விளிம்பை மேடாக்கினால், அந்த நீர் ஒதுங்க வேறு இடம் தேடும்.

2023 முதல் 2025 வரை

2023 ஜூலையில் நகராட்சி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது: முன்கூட்டியே தெரிவியுங்கள், ஊராரிடம் விளக்கிச் சொல்லுங்கள், அரிய உயிரினங்களுக்கு மதிப்புக் கொடுங்கள். எல்லாம் வேண்டுகோள். பின்பற்றாவிட்டால் கேட்க ஆளில்லை. பொறுப்பான சில நிறுவனங்கள் இடம் மாறியிருக்கலாம். பொறுப்பில்லாதவர்களுக்கு அது வெறும் காகிதம். 2025 ஜூன் அறிவிப்பும் சட்ட வலிமை இல்லாததுதான் என்றாலும், அதன் தொனி மாறியிருந்தது. நகராட்சி பணிவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னது.

அந்தக் கோடையில் விஷயம் வெடித்தது. தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, சுமார் 4 ஹெக்டேர் தனியார் நிலத்தில், ஓசாகாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் மண்ணை நிரவத் தொடங்கியது. அரிய பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர்களும் இயற்கை ஆர்வலர்களும் படங்களை இணையத்தில் பகிர்ந்தார்கள். பச்சை வெளிக்கு நடுவே செம்மண் திட்டு. கருத்தரங்குகளாலும் அறிக்கைகளாலும் பல ஆண்டுகளாக ஆகாத காரியத்தை அந்தப் படங்கள் சில நாட்களில் செய்தன. கையெழுத்து இயக்கத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. செப்டம்பர் தொடக்கத்தில் ஹொக்கைடோ நிர்வாகம் அந்தப் பணியின் ஒரு பகுதியை நிறுத்தச் சொன்னது. கொக்குக்காகவோ, சாலமண்டருக்காகவோ, சதுப்புக்காகவோ இல்லை. அந்த நிலத்தில் காடு என்று பதிவான பகுதியில் 0.5 ஹெக்டேர் வரம்பைத் தாண்டி அனுமதியின்றி வேலை நடந்திருந்தது. வனச் சட்டம் கைக்கு அகப்பட்டது. நாடே கொந்தளித்த ஒரு விவகாரத்தில், அதிகாரிகள் அப்போது கையில் எடுத்த கருவி மரக்கூட்டம் பற்றிய ஒரு வரம்பு. அந்த மரங்கள் அங்கே இல்லாமல் வெறும் நாணலாக இருந்திருந்தால், வனச் சட்டத்தின் பெயரில் அப்படி நிறுத்தச் சொல்லியிருக்க முடியாது.

செப்டம்பர் 17 அன்று நகர மன்றம் ஓர் உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்டோபர் 1 முதல் அமல். 2026 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் பணிகளுக்குப் பொருந்தும். கட்டடக் கூரைகளைத் தவிர்த்து, 10 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களுக்கு மேயரின் அனுமதி கட்டாயம். தாஞ்சோ, வெள்ளைவால் கடற்கழுகு, பெரிய வல்லூறு, சதுப்புப் பூனைப்பருந்து, வடக்குச் சாலமண்டர் ஆகிய ஐந்தும் சிறப்புப் பாதுகாப்பு இனங்களாகக் குறிக்கப்பட்டன. அவை வாழக்கூடிய பகுதியில் முறையான ஆய்வும் பாதுகாப்புத் திட்டமும் இல்லாமல் அனுமதி கிடையாது.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது, அந்தப் பட்டியலில் சாலமண்டர் இடம்பெற்றிருப்பது. கொக்கையும் கழுகையும் எந்த நகரமும் சேர்த்திருக்கும். பெரும்பாலானோர் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு சிறு உயிரைச் சேர்த்ததால், விதி பறவையிலிருந்து இறங்கி நேராகக் குட்டைக்கும் மண்ணுக்கும் வந்துவிட்டது. சாலமண்டரைக் காக்க வேண்டுமென்றால் அந்த இடத்தின் நீரைக் காத்தாக வேண்டும்.

குறைகளும் உண்டு. ஏற்கெனவே நிற்பவை மீதும் அதற்குள் தொடங்கிவிட்டவை மீதும் இது பாயாது. மீறினால் பெயரை வெளியிடுவதுதான் நகராட்சி கையில் உள்ள முக்கிய ஆயுதம். பெயர் கெடுவதைப் பற்றிக் கவலைப்படாத நிறுவனத்துக்கு அது எம்மாத்திரம்? தவிர, சதுப்பு குஷிரோ நகரம், குஷிரோ ஊர், ஷிபெச்சா, சுருய் என நான்கு நிர்வாகங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு நகரம் கதவைச் சாத்தினால் அடுத்த ஊரின் நிலத்துக்கு விலை ஏறும்.

மின்சாரமும் வேண்டுமே

எதிர்த் தரப்பு வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் 2050-க்குள் கரிம நடுநிலை அடைவதாக 2020-இல் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்ட ஆற்றல் திட்டம், 2040-இல் மின்சாரத்தில் 23 முதல் 29 சதவீதம் சூரியனிலிருந்து வரவேண்டும் என்கிறது. மலைகள் நிறைந்த நாடு. சமதளத்தை மட்டும் கணக்கிட்டால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு சூரிய மின்திறன் நிறுவிய பெரிய நாடு வேறில்லை என்னும் அளவுக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. நிலக்கரியை நிறுத்தாவிட்டால் குஷிரோவின் பனியும் குளிரும் மாறி, சதுப்பும் தப்பாது. இது உண்மையான வாதம். சூரிய மின்சாரத்தையே சந்தேகிப்பவர்கள் குஷிரோ படங்களைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சதுப்பைக் காக்க நிற்பவர்கள் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.

ஆனால் அந்த வாதம் 'இந்த இடத்தில்தான்' என்று நிரூபிப்பதில்லை. ஹொக்கைடோவின் மின்சாரத்தை முதன்மைத் தீவுக்குக் கொண்டுசெல்லும் கடலடி இணைப்பின் திறன், 2019-இல் விரிவாக்கப்பட்ட பிறகும் 900 மெகாவாட்தான். தேவை குறைந்த நாட்களில் சூரிய, காற்று மின்சாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் நிலை 2022-இலேயே ஹொக்கைடோவில் வந்துவிட்டது. கம்பி போதாத இடத்தில் இன்னும் பேனல்களைக் குவிப்பதைவிட, கம்பியும் மின்கலமும், பயன்படுத்தும் இடத்துக்கு அருகில் கூரைகளும் முன்னுரிமை பெறவேண்டும். இதற்கான சட்டக் கருவியும் இருக்கிறது: 2022 ஏப்ரலிலிருந்து, எங்கே புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வரவேற்கிறோம் என்று உள்ளாட்சிகளே மண்டலம் குறிக்கலாம். கூடாத இடத்தைச் சொல்வதோடு வரவேற்கும் இடத்தையும் சொல்லிவிட்டால், நிறுவனங்களுக்கும் தெளிவு கிடைக்கும். பேனல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வந்த பிறகு வரைபடம் போட்டுப் பயனில்லை.

இந்தியாவில் சாம்பர் உப்பு ஏரிக்கும் ஒரு காலத்தில் இந்த நிலை வரவிருந்தது. 1990-இல் ராம்சர் தலமான அந்த ராஜஸ்தான் ஏரிப் பகுதியில், பொதுத்துறை உப்பு நிறுவனத்தின் நிலத்தில் 4,000 மெகாவாட் மின்நிலையம் என்று 2014 ஜனவரியில் ஒப்பந்தமே கையெழுத்தானது. ஈரநிலம் என்ற ஆட்சேபம் எழுந்து திட்டம் கைவிடப்பட்டது. ஒரே பெரிய திட்டம், ஒரே பொதுத்துறை உரிமையாளர், பட்டம் பெற்ற நிலம். கேள்வி கேட்க முடிந்தது, நிறுத்தவும் முடிந்தது. குஷிரோவில் எதிர்ப்பைத் திணறடித்தது சிறுமைதான். சிறிய திட்டங்கள், சிதறிய உரிமையாளர்கள், பட்டம் இல்லாத விளிம்பு.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு

2012-இல் சேர்ந்த நிலையங்களின் 20 ஆண்டு உத்தரவாதம் 2032-இல் முடியத் தொடங்கும். அப்போது அந்தச் சதுப்பு விளிம்பு என்ன ஆகும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். அகற்றும் செலவுக்காக நிறுவனங்களின் வருமானத்திலிருந்து பணம் பிடித்து வைக்கும் ஏற்பாடு 2022 ஜூலையில் வந்தது. கொள்முதல் காலத்தின் கடைசிப் பத்து ஆண்டுகளில் அந்தப் பிடித்தம் நடக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பேனலைக் கழற்றவும் குப்பையை ஏற்றவும் கணக்கிட்ட பணம். கொட்டிய மண்ணை அள்ளி, வெட்டிய வடிகாலை மூடி, நீரைத் திரும்பக் கொண்டுவருவதற்கான பணம் அதில் இல்லை. நேரடி ஒப்பந்தத்தில் இயங்கும் நிலையங்கள் அந்தப் பிடித்தத்துக்குள்ளேயே வராது.

கயானுமாவில் ஆற்றை மறுபடி வளைத்த பொறியாளர்களும் சூழலியலாளர்களும் அதே மண்ணில் இருக்கிறார்கள். ஈரத்தை மீட்பது எப்படி, எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டாகும் என்ற அனுபவம் அவர்களிடம் உண்டு. எந்தெந்த மனைகள் திரும்பச் சதுப்பாகத் தகுந்தவை, எவற்றின் உரிமை இப்போது யாரிடம், எதன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஒரு பதிவேட்டை நகராட்சி இப்போதே தொடங்கலாம். ஒப்பந்தம் முடியும் ஆண்டிலேயே அந்த நிலத்தை விலைக்கு வாங்க ஒரு நிதியும் வேண்டும். இல்லாவிட்டால், ஏற்கெனவே மேடாகி, சாலையும் மின்கம்பியும் வந்துவிட்ட அந்த நிலத்தில் பழைய பேனலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் எல்லோருக்கும் மலிவான வழியாக இருக்கும்.